ஒரு களாச்செடியும் இரண்டு சம்பந்திகளும்

ஜூன் 30
பின்னறை, அலமாரியின் மேல்தட்டு

சம்பந்தி அவர்களுக்கு,

நாளைக் காலை நீங்கள் வந்து இறங்கும்போது நான் இந்த அறையில் இருக்க மாட்டேன். அதற்காகத்தானே நம் பிள்ளைகள் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள்? ஜூன் வரை பெண்ணைப் பெற்றவன், அதன் பிறகு வருடக் கடைசி வரை பிள்ளையைப் பெற்றவர். ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே ஜன்னல். நாம் இருவரும் போனில் பேசிக்கொள்ளக் கூடாது என்பது ஜனவரியில் நடந்த சண்டைக்குப் பிறகு அவர்கள் போட்ட தடையுத்தரவு. கடிதம் எழுதக் கூடாது என்று அதில் இல்லை. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தே தலை நரைத்தவன் நான். ஓர் உத்தரவில் எது இல்லை என்று எனக்குப் பார்க்கத் தெரியும்.

விஷயம் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் களாச்செடி. நாட்டுச்செடி விற்கிற தோட்டத்தில் நானே பொறுக்கி எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, முள் குத்தக் குத்த நட்டது. வெள்ளையாகப் பூக்கும், மல்லிகையைப் போல மணக்கும், காய் சிவந்து பிறகு கறுத்தால் பழம். என் மகளுக்குச் சின்ன வயதில் களாப்பழம் என்றால் உயிர். உப்பைத் தொட்டுக்கொண்டு நாக்கு கறுக்கும்வரை தின்பாள்.

டிசம்பரில் நீங்கள் என்ன செய்தீர்கள்? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் கட்டி, சட்டைக்குக் காலர் வெட்டுகிற மாதிரி நாலு பக்கமும் நேராக வெட்டிவிட்டுப் போனீர்கள். களா கிளையின் நுனியில்தான் பூக்கும் ஐயா. அரும்பு கட்டப் போகிற சமயத்தில் நுனியெல்லாம் உங்கள் கத்தரிக்குப் போயிற்று. நான் வந்து பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு பச்சைப் பெட்டி நின்றது. உள்ளே ஒளிந்திருந்து தப்பிய நாலைந்து பூதான் இந்த வருடம். காய் ஒன்றுகூட இல்லை.

ஆகவே, கத்தரியோடு மேற்படி செடியின் பக்கம் போக வேண்டாம். வெட்டியே தீர வேண்டுமென்றால், பழம் பறித்து முடித்த கையோடு லேசாகத் தட்டிவிடலாம். அந்த வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. உங்கள் சுபாவத்துக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவன்


டிசம்பர் 31
அதே அலமாரி. கீழ்த்தட்டு, ஏனென்றால் மேலே எல்லாம் உங்கள் சாமான்

கோர்ட்டு சம்பந்திக்கு,

உங்கள் உத்தரவு கிடைத்தது. ஆறப்போட்டு இப்போது பதில் எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் காகிதம் பற்றிக்கொண்டிருக்கும்.

என்னமோ நான் பொழுது போகாமல் வெட்டியதுபோல எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செடிக்கு நேர் மேலேதான் துணிக்கொடி ஓடுகிறது. மூக்குக் கண்ணாடி போட்டும் அது உங்கள் கண்ணில் படவில்லையா? காற்றடித்தால் துணியெல்லாம் போய் அந்த முள்ளைக் கட்டிக்கொள்கிறது. என் மகனின் ஆபீஸ் கால்சட்டை, மருமகளின் புதுத் துப்பட்டா, என்னிடம் இருக்கிற ஒரே கம்பளிச் சட்டை, எல்லாவற்றையும் கிழித்தது உங்கள் செடி. தைத்தது நான். கொடியை மாற்றிக் கட்டலாமே என்று நீங்கள் வாதாடுவீர்கள். வெயில் விழுகிற மூலை இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

இந்தத் தடவை வெட்டவில்லை. உங்களுக்குப் பயந்து என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒருநாள் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மருமகள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெட்டித் தள்ளியிருப்பேன். சொல்லவில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கை வரவில்லை. பிறகு லைனிங் துணியை நாடா நாடாவாகக் கிழித்து, கிளைகளை இழுத்துச் சுவர்ப் பக்கமாகக் கட்டிவிட்டேன். கொடி தப்பித்தது. உங்கள் நுனியும் அப்படியே இருக்கிறது.

இனிமேலும் அது பூக்கவில்லை என்றால் பழியை என் கத்தரி மேல் போட முடியாது. அப்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் இங்கே இருக்கும்போது என்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் நான் வந்ததும் என் காதுக்கு வந்துவிடுகிறது. நான் குளித்தால் குளியலறையில் வெள்ளம் என்றீர்களாம். நான் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்றீர்களாம். நானும் சும்மா இருக்கவில்லை. உங்கள் தைலத்து வாடை தலையணையை விட்டுப் போக இரண்டு மாதம் ஆகிறது என்று சாப்பாட்டு மேஜையிலேயே சொன்னேன். ஒரு தடவை இல்லை, தினமும் சொன்னேன்.

கட்டிலை மறுபடியும் ஜன்னல் பக்கம் இழுக்காதீர்கள். தரை கீறுகிறது.

உங்கள் பெண்ணை நன்றாகவே வைத்திருக்கிற வீட்டின் பெரியவன்


மார்ச் 12

தையல் சம்பந்தி அவர்களுக்கு,

இதை நீங்கள் தங்கியிருக்கும் உங்கள் கடை முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். ஜூலை வரை பொறுத்திருக்க முடியவில்லை. காரணம் சுத்தமான அகங்காரம், வேறொன்றுமில்லை.

பூத்துவிட்டது. எப்படிப் பூத்திருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? இலை தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தால் அறையில் வாசனை நிற்கிறது, மூடினால் போக மறுக்கிறது. நேற்று மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "தெரு முனை திரும்பும்போதே தெரியுது மாமா" என்றார். அவர் என்னிடம் தானாக வந்து பேசியது இந்த நாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

உங்கள் நாடாக்களை அவிழ்க்க எனக்கு ஒரு காலை முழுவதும் பிடித்தது. அது என்ன முடிச்சு? கொலை வழக்குக் கோப்பைக்கூட யாரும் அப்படிக் கட்டுவதில்லை. ஆனாலும் கிளையை நசுக்காமல் கட்டியிருந்தீர்கள். அதைக் குறித்துக்கொண்டேன். மெச்சிக்கொள்ளவில்லை, குறித்துக்கொண்டேன்.

இரவு சாப்பிடும்போது, "பார்த்தியாம்மா, உன் மாமனார் கையைக் கட்டிக்கிட்டு இருந்தாலே போதும், ஊரே மணக்குது" என்றேன். "அப்பா, சாப்பிடறப்பவாவது அவர் பேச்சு வேண்டாமே" என்றாள். உங்களைப் பற்றிப் பேசாமல் நான் வேறு எதைத்தான் பேசுவது?

இப்போது பிஞ்சு விட ஆரம்பித்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் பழுப்பது உங்கள் முறையில்தான். நட்டவன் நான், பழம் தின்னப் போகிறவர் நீங்கள். இந்த அநியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? என் பங்கைப் பறித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டும். பச்சைக் காயை அனுப்பி ஏமாற்ற வேண்டாம். கறுத்த பழம்.

இப்படிக்கு,
வாசனையில் உட்கார்ந்திருப்பவன்


ஏப்ரல் 4

கோர்ட்டு சம்பந்திக்கு,

பூத்ததா, சந்தோஷம். அந்த வாசனை இங்கே வரவில்லை. இங்கே சுண்ணாம்புத் தூசிதான் வருகிறது.

இந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கீழே என் கடையைப் பூட்டியாகிவிட்டது. மேலே ஒற்றை அறையில் நான் மட்டும் இருக்கிறேன். பக்கத்துக் கதவுக்காரர்கள் எல்லோரும் காலி செய்துவிட்டார்கள். ஜூலையில் நான் அங்கே வரும்போது பெட்டி படுக்கையோடு வருவேன். திரும்பிப் போக இடம் இருக்காது.

அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பின்னறை எனக்கு வருடம் முழுக்க வேண்டும். மகனிடம் கேட்டுவிட்டேன். "பார்க்கலாம்ப்பா" என்றான். அவன் பார்க்கலாம் என்றால் நீங்கள் குறுக்கே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பெண்டாட்டியிடம் சொல்லப் பயப்படுகிறான், பெண்டாட்டி உங்களிடம் சொல்லப் பயப்படுகிறாள். சரி, நானே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கூடப் பிறந்த தம்பி இருக்கிறார், அவருக்கு வீடு இருக்கிறது. எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரே பிள்ளை, அவனும் அந்த வீட்டில்.

விட்டுக்கொடுங்கள். கெஞ்சவில்லை. நியாயம் என்று ஒன்று இருந்தால் உங்களுக்கே தெரியும்.

செடி எனக்கு வேண்டாம். வேண்டுமென்றால் வேரோடு பெயர்த்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் தகப்பன்


ஏப்ரல் 11

தையல் சம்பந்தி அவர்களுக்கு,

கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

காய்த்திருக்கிற களாவை வேரோடு பெயர்க்கச் சொல்கிற மனிதருக்கு நான் எதை விட்டுக்கொடுப்பது? பிடுங்கினால் செத்துப்போகும். உங்களுக்கும் அது தெரியும், தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி வீடு, தம்பி வீடு என்கிறீர்களே, அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று தெரியுமா? கூடத்தில் ஒரு சோபா. கால் நீட்டினால் வெளியே தொங்கும். தம்பி மனைவி கூடத்தை விட்டுப் போகும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போவாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கெட்டவள் இல்லை. நான் இருப்பது அவளுக்கு நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் நானே போட்டுக்கொள்வேன். அதைத்தான் நீங்கள் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள்.

நானும் என் மகளிடம் வருடம் முழுவதும் இருக்கக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு முன்னாலேயே கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஆக, யார் பிள்ளைக்கு யார் மேல் பாசம் அதிகம் என்று பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
இடத்தை விட்டு நகராதவன்


ஜூன் 2
தம்பி வீடு

சம்பந்தி அவர்களுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். வாழ்த்துகள்.

என் முறை முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் ஒருநாள் காலை மகள் தேநீரோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, மாமா கட்டடத்தைச் சொன்ன நாளைக்கு முன்னாடியே இடிக்கிறாங்களாம். நடுத்தெருவுல நிக்கறார். நீங்க கொஞ்ச நாள் சித்தப்பா வீட்டுல இருங்களேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மாப்பிள்ளை டிக்கெட்டே வாங்கி வைத்திருந்தார். நான் என்ன சொல்ல? "சரிம்மா" என்றேன். அவளிடம் எனக்கு வேறு வார்த்தை வந்ததே இல்லை.

நடுத்தெரு என்ற ஒரு வார்த்தையைப் போட்டு என்னை எழுப்பிவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான். வெட்டத் தெரிந்த கைக்கு எங்கே வெட்ட வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது.

கிளம்புகிற அன்று செடியிடம் போனேன். கொத்துக் கொத்தாகக் காய். ஒன்றிரண்டு மட்டும் ஒரு பக்கம் லேசாகச் சிவந்திருந்தது. மற்றதெல்லாம் பச்சை. வாயில் வைக்க முடியாது. தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது பழுத்திருக்கும். தின்னுங்கள். நன்றாகத் தின்னுங்கள். அதன் பால் உங்கள் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் வாய் திறக்க முடியாமல் போகட்டும்.

அவர்கள் இனிமேல் என்னைக் கூப்பிடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

அந்த வீட்டு முகவரிக்கு அனுப்பினால் மகள் கைக்குப் போகும். அதனால் உங்கள் பழைய முகவரியையே எழுதுகிறேன். இடிந்த கட்டடத்தின் ஆளைத் தபால்காரர் தேடிப் பிடித்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சோபாவிலிருந்து


ஜூன் 9

சம்பந்தி,

தபால்காரர் தேடவே இல்லை. மாடி ஏறி வந்து என் கையிலேயே கொடுத்தார். நான் இங்கேதான் இருக்கிறேன். கட்டடமும் இருக்கிறது, பாதி.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்குக் காதில் பூச்சுற்றுகிறீர்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சோபாவைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்ததை எடுத்துப் படித்தேன். அது பொய் சொல்கிறவன் எழுதுகிற மாதிரி இல்லை.

என் மகன் மே மாதம் போன் பண்ணினான். "மாமா குளியலறையில வழுக்கி விழுந்துட்டார்ப்பா. இடுப்புல அடி. அசையவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க ஜூலையில வர முடியாது போலிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றான். எனக்கு வந்த கோபத்தில், "நல்ல நேரம் பார்த்து விழுந்திருக்கார்டா, எழுந்திருக்கவே மாட்டார் பாரு, இதெல்லாம் கோர்ட்டுல கத்துக்கிட்ட வித்தை" என்று கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பாவம் மாமனாரை நினைத்துக் கலங்குகிறான் என்று எண்ணிக்கொண்டேன். அன்றையிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் உங்களைத் திட்டிவிட்டுத்தான் பல் விளக்குகிறேன்.

உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது?

உங்களிடம் நான் நடுத்தெருவில் நிற்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் நீங்கள் படுத்த படுக்கை என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். நாம் போனில் பேசிக்கொள்ள மாட்டோம் என்ற தைரியம். நீங்கள் அங்கே இல்லை. நானும் அங்கே இல்லை. அப்படியென்றால் அந்தக் கட்டிலில் யார் ஐயா படுத்திருக்கிறார்கள்?

சம்பந்தி


ஜூன் 15

சம்பந்தி அவர்களுக்கு,

இடுப்பு கல்லு மாதிரி இருக்கிறது.

உங்கள் கடிதத்தை நம்புவதற்கு முன் உறையின் மேல் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். உங்கள் ஊர்தான். மன்னிக்கவும், பழக்க தோஷம்.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி மனைவிகூடக் கவனித்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போன் எடுத்துக் கேட்க மாட்டேன். அவள் குரலைக் கேட்டாலே "சரிம்மா" என்றுவிடுவேன். நேரில் போனால் அதைவிட மோசம். நீங்கள் போங்கள். உங்களுக்குச் சத்தம் போட வரும். முதல் தடவையாக அது நமக்கு உபயோகப்படட்டும்.

சொல்லாமல் போங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிறகு நம் இருவருக்காகவும் பேசுங்கள். நான் ஒரு சமாதானம் யோசித்திருக்கிறேன். முறையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த அறையில் இரண்டு கட்டில் போடச் சொல்லுங்கள். அலமாரியைக் கூடத்துக்குத் தள்ளினால் இடம் இருக்கிறது, மனதுக்குள் அளந்துவிட்டேன். நான் குறட்டை விடுவேன். நீங்களும் விடுவீர்கள் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். ஜன்னல் பக்கம் உங்களுக்கு.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அதனால் நீங்கள் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டதாக அவர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காத்திருப்பவன்


ஜூன் 28
பின்னறை

சம்பந்தி,

மேலே இடத்தின் பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். வாசல் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததால் பக்கவாட்டுச் சந்து வழியாகப் போனேன். இருவரும் களாச்செடியின் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கிண்ணம் நிறையக் கறுத்த பழம், ஒரு தட்டில் உப்பு. நாக்கை நீட்டி நீட்டி யாருடையது அதிகம் கறுத்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் என் மகனை அப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. ஒரு நிமிஷம் திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன்.

அவர்களுக்குப் பின்னால் நம் அறைக் கதவு திறந்திருந்தது. யாரும் இல்லை சம்பந்தி. வாடகைக்கு விட்டிருப்பார்கள், சாமான் போட்டு அடைத்திருப்பார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுமில்லை. கட்டிலைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். பெருக்கித் துடைத்த வெறும் தரை. காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே காலியாக வைத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் மகன் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதும் "மாமா நேத்துதான்ப்பா கிளம்பினார்" என்றான். உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். மருமகள் தேநீர் போட உள்ளே போய்விட்டாள்.

பிறகு மகன்தான் பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆறு மாசம் உங்க வாயில அவர், ஆறு மாசம் அவர் வாயில நீங்க. வீட்டுல யார் இருந்தாலும் இல்லாதவரைப் பத்தியேதான் பேச்சு. நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டதில்ல. கொஞ்சம் மூச்சு விட விடுங்க. பொய் சொன்னது தப்புதான். நிஜத்தைச் சொன்னா கேட்டிருப்பீங்களா? இனிமே முறையெல்லாம் வேண்டாம். ஒருத்தர் இருந்தா போதும். இருக்கறவங்க இன்னொருத்தரைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது. மாமாவுக்குச் சித்தப்பா வீடு இருக்கு. உங்களுக்கு இல்ல. நீங்க இருங்க."

இரண்டு கட்டில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அலமாரியைத் தள்ளுவது பற்றிக்கூட ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாயிலிருந்து வந்தது "சரி" என்ற வார்த்தை. அவசரமாக வந்தது. எங்கே பேச்சை மாற்றிவிடுவார்களோ என்கிற மாதிரி வந்தது. கிளம்புகிற அன்று காலையில்தான் என் தலைக்கு மேலே ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்காகவும் பேசத்தான் போனேன். பேசவில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது என்னால் முடியாது. மருமகள் மாதம் ஒரு தடவை உங்களை வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

இதுதான் என் கடைசிக் கடிதம். வாக்குக் கொடுத்துவிட்டேன். திட்டாமல் உங்களுக்குத் தூக்கம் வராது என்று தெரியும். ஒரே ஒரு தடவை தெருமுனை மருந்துக்கடை முகவரிக்கு எழுதுங்கள். கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் யாரிடமும் வாய் விட மாட்டார்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 5

சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு தடவை எழுத அனுமதித்திருக்கிறீர்கள். நன்றி சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஒரு துரோகி. இதைவிடக் கடுமையான வார்த்தைகளை இரண்டு நாள் தேடினேன். சட்டப் புத்தகத்தில் எத்தனையோ இருக்கிறது. எதுவும் உங்களுக்கு அளவாக இல்லை. என் சமாதானத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், என் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் அந்த "சரி"யைத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்கு வாக்குமூலம் எழுதத் தெரியவில்லை. மகன் பேசினான், மருமகள் தேநீர் போடப் போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் தம்பியைச் சித்தப்பா என்று கூப்பிட அந்த வீட்டில் ஒருத்திதான் உண்டு. உங்கள் மகன் அவனைச் சின்ன மாமா என்பார். "அப்பாவுக்கு" என்று அவள் சொன்னதை "மாமாவுக்கு" என்று திருத்தினீர்கள், அடுத்த வார்த்தையைத் திருத்த மறந்துவிட்டீர்கள். தேநீர் போடப் போனது உங்கள் மகனாகத்தான் இருக்க வேண்டும். சின்ன வயதில் நானும் அவள் அம்மாவும் சண்டை போடும்போதெல்லாம் அவள் கதவோரம் நின்று, "கொஞ்சம் மூச்சு விட விடுங்கப்பா" என்பாள். அதே வார்த்தை. உங்கள் கடிதத்தில் அதைப் படித்தபோது அவள் குரலே கேட்டது.

என்னை வேண்டாம் என்றது என் மகள். அதை எனக்குத் தெரியாமல் மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள். யார் கேட்டார்கள் உங்கள் இரக்கத்தை? அறையை எடுத்துக்கொண்டதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் முழுக்கக் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அவளுக்குத் தலைவலி வரும். யாரிடமும் சொல்ல மாட்டாள், புருஷனிடமும் சொல்ல மாட்டாள். விளக்கைப் போடாமல் சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஏதோ கோபம் என்று நினைத்திருப்பீர்கள். அது கோபம் இல்லை. அந்த நேரத்தில் ஒன்றும் கேட்கக் கூடாது. உங்கள் குரலுக்கு அவள் தலை வெடித்துவிடும். ஒரு துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட வேண்டும். மறுநாள் அதைப் பற்றிப் பேசவும் கூடாது. இத்தனை நாள் என் முறையில் நான் செய்தேன். உங்கள் முறையில் யார் செய்தார்கள் என்று தெரியவில்லை. யாரும் செய்திருக்க மாட்டார்கள். இனிமேல் நீங்கள்தான் செய்ய வேண்டும். இது வேண்டுகோள் இல்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம். வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதையாவது காப்பாற்றுங்கள்.

அவள் மாதம் ஒரு தடவை வருவாள் என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும். சோபாவில் அவளுக்கு இடம் விட்டு ஓரமாக உட்காருவேன். ஆபீஸ் பற்றிக் கேட்பேன், சாப்பிட்டாளா என்று கேட்பேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.